கவசத்தைக் கழற்றும் காதல்: அனிமேஷன் ஸ்பின்-ஆஃப்களில் ஒரு பாத்திரம் எப்படி வளர்கிறது?

ஒரு தொடரில் ஓரமாக நின்றுகொண்டிருந்த பாத்திரத்தைப் பிரித்தெடுத்து, அதற்கென்று தனித் தொடர் கொடுத்தால் அது ஸ்பின்-ஆஃப். அனிமேஷனில் இது அடிக்கடி நடக்கும். அடிக்கடி சொதப்பவும் செய்யும். மூலத் தொடரில் அந்தப் பாத்திரத்துக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்திருப்பார்கள். குத்தலாக ஒரு வரி சொல்லிவிட்டுப் போவது, நாயகனின் அசட்டுத்தனத்தைப் பார்த்துக் கண்ணை உருட்டுவது, இப்படி ஏதாவது. கறிவேப்பிலை மாதிரி, மணத்துக்கு வேண்டும், சாப்பிடும்போது இலையோரம் ஒதுங்கிவிடும். அதையே நடுவில் வைத்து ஐந்து சீசன் ஓட்ட வேண்டுமென்றால் அந்த ஒரு வேலை போதாது. பாத்திரத்துக்கு ஆசை வேண்டும், பயம் வேண்டும், தப்பு செய்ய இடம் வேண்டும். அப்போது எழுத்தாளர்கள் முதலில் கைவைப்பது காதலில்தான்.

கைவைப்பது சுலபம். ஜோடி சேர்த்துவிட்டால் பாத்திரம் வளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தொடர்கள் வழுக்கி விழுகின்றன. காதல் எப்போது ஒரு பாத்திரத்தை நிஜமாகவே மாற்றுகிறது, எப்போது வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ‘டாரியா’வைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது கஷ்டம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மைக் ஜட்ஜ் உருவாக்கிய ‘பீவிஸ் அண்ட் பட்-ஹெட்’ 1993-ல் எம்டிவியில் தொடங்கியது. இரண்டு பையன்கள் சோபாவில் உட்கார்ந்து மியூசிக் வீடியோ பார்த்து ஹெஹெ என்று சிரிப்பார்கள், அதுதான் தொடர். அவர்களின் பள்ளியில் படிக்கும் டாரியா மார்கன்டார்ஃபர் அவ்வப்போது வந்து, முகத்தில் சலனமே இல்லாமல், அவர்களுக்குப் புரியாத ஒரு கிண்டலைச் சொல்லிவிட்டுப் போவாள். க்ளென் ஐக்லரும் சூசி லூயிஸும் அவளை எடுத்துத் தனித் தொடராக்கினார்கள். 1997 மார்ச் தொடங்கி 2002 ஜனவரி வரை ஐந்து சீசன், சீசனுக்கு 13 வீதம் 65 எபிசோட், கூடவே இரண்டு டிவி திரைப்படங்கள். மைக் ஜட்ஜுக்கு இதில் பங்கில்லை.

முதல் வேலையாக அவர்கள் செய்தது கவனிக்க வேண்டியது. டாரியாவின் குடும்பம் ஹைலேண்ட் என்ற ஊரைக் காலி செய்து லான்டேல் என்ற ஊருக்குக் குடிபோகிறது. பழைய இரண்டு பையன்களும் தொடரில் எங்குமே தலைகாட்டுவதில்லை. பழைய ஆட்கள் கூட வந்தால் பழைய வேலையும் கூடவே வந்துவிடும். முட்டாள்கள் எதிரில் இருக்கும்வரை புத்திசாலியாக இருப்பது மட்டுமே அவளுக்கு வேலையாக இருந்திருக்கும். மாறாமல் இருந்தவை குரலும் சுபாவமும்தான். ட்ரேசி கிராண்ட்ஸ்டாஃபின் அதே ஏற்ற இறக்கமற்ற குரல், அதே அரைக்கண் பார்வை. ஆளை அடையாளம் தெரிய வேண்டும், ஆனால் சூழல் புதிதாக இருக்க வேண்டும். ஸ்பின்-ஆஃப் எழுதுகிறவர்கள் முதல் எபிசோடிலேயே தீர்க்க வேண்டிய கணக்கு இது.

புதிய ஊரில் அவளுக்கு ஒரே ஒரு தோழி கிடைக்கிறாள்: ஓவியம் வரையும் ஜேன் லேன். இந்தத் தொடரின் உண்மையான ஜோடி டாரியாவும் ஜேனும்தான். காதல் கதையெல்லாம் இந்த நட்பின் மேல்தான் ஏறி நிற்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கவசம்

வளரப்போகிற பாத்திரத்துக்கு ஒரு கவசம் இருக்க வேண்டும். தன்னைக் காத்துக்கொள்ள அது எப்போதும் செய்கிற காரியம், அதுவே பின்னால் அதற்கு இடைஞ்சலாகவும் மாற வேண்டும். டாரியாவின் கவசம் கிண்டல். எல்லோரையும் எட்ட நின்று பார்ப்பாள், எடை போடுவாள், ஒரு வரியில் முடித்துவிடுவாள். அவள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதுதான் சிக்கல். தப்பாகச் சொல்கிற ஆள் சீக்கிரம் திருந்திவிடுவான்; சரியாகச் சொல்கிற ஆளுக்குத் திருந்தக் காரணமே கிடைக்காது. வாதத்தில் அவளைத் தோற்கடிக்க முடியாது. அவளுக்கே ஏதாவது ஒன்றின் மேல் ஆசை வந்தால்தான் உண்டு. ஆசை வந்துவிட்டால் எட்ட நிற்க முடியாது.

முதல் ஆசை ட்ரெண்ட். ஜேனின் அண்ணன், பள்ளியெல்லாம் முடித்தவன், ‘மிஸ்டிக் ஸ்பைரல்’ என்ற இசைக்குழு வைத்திருப்பவன், பகலில் பாதி நேரம் தூங்குபவன். முதல் மூன்று சீசன் இந்த ஒருதலைக் காதல் ஓடுகிறது. அனிமேஷனுக்கே உரிய வசதியை இங்கே பார்க்கலாம். டாரியாவின் முகம் எப்போதும் ஒரே மாதிரி வரையப்படுவதால், கன்னத்தில் லேசாகச் சிவப்பு தீட்டினாலே அது பெரிய செய்தி. எப்போதும் டக்கென்று பதில் சொல்கிறவள் ட்ரெண்ட் வந்து நின்றதும் வார்த்தை தேடுகிறாள். நிமிடத்துக்கு நூறு முகபாவம் காட்டும் பாத்திரத்திடம் இது எடுபடாது. குறைவாக அசைகிற பாத்திரத்தைக் காதலில் விழவைப்பது எழுத்தாளருக்கு லாபம்.

இரண்டாவது சீசனில் ‘பியர்ஸ் மீ’ என்று ஒரு எபிசோட். ஜேனுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க ட்ரெண்டோடு போகிற டாரியா, அவன் சொன்னதற்காகத் தொப்புளில் வளையம் குத்திக்கொண்டு வருகிறாள். அதே சீசனில் ‘இல்’ என்ற எபிசோடில் அவன் அருகில் வந்தாலே உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பி, ஆஸ்பத்திரிவரை போகிறாள். இரண்டும் நகைச்சுவைதான். ஆனால் இரண்டிலும் நடப்பது ஒன்றே: வாய் மறைப்பதை உடம்பு காட்டிக்கொடுக்கிறது. கூட்டத்தோடு ஒட்டாதவள் என்று பெயர் வாங்கியவள், ஒருவன் பார்வைக்காகத் தன் உடம்பில் ஓட்டை போட்டுக்கொள்கிறாள். அவள் தினமும் யாரைக் கிண்டல் செய்கிறாளோ அவர்களும் இதைத்தானே செய்கிறார்கள்!

இந்தக் கட்டம் முடிகிற விதம் அருமை. மூன்றாம் சீசனின் கடைசி எபிசோட் ‘ஜேன்ஸ் அடிஷன்’. டாரியாவும் ஜேனும் பள்ளிக்காக ஒரு மல்டிமீடியா வேலை செய்கிறார்கள். இசை போட்டுத் தருவதாக ட்ரெண்ட் ஒப்புக்கொள்கிறான். தரவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை, வேறொரு பெண்ணும் குறுக்கே வரவில்லை. சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடிக்காத ஒருவனோடு வாழ்க்கை எப்படிப் போகும் என்று அவளுக்குக் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். கனவை உடைக்கப் பெரிய துரோகம் தேவையில்லை, ஒரு சின்ன அன்றாடத் தவறு போதும். துரோகத்தால் உடைந்தால் பார்வையாளர் அவனைக் குற்றம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். இப்படி உடைந்தால் அவள் தானாகவே கண்டுபிடித்ததாக ஆகிறது. வளர்ச்சி என்பது அந்தக் கண்டுபிடிப்புதான்.

விலை

அதே எபிசோடில்தான் டாம் ஸ்லோன் வருகிறான். பணக்கார வீட்டுப் பையன், தனியார் பள்ளி, ஆனால் ஓட்டுவது ஓட்டைக் கார். டாரியா அளவுக்குப் படித்தவன், அவள் கிண்டலுக்கு உடனே பதில் கிண்டல் சொல்லத் தெரிந்தவன். அவன் வருவது ஜேனின் காதலனாக. டாரியாவுக்கு அவனைப் பிடிக்கவே இல்லை. தோழியைப் பறிக்க வந்தவன் என்றே பார்க்கிறாள்.

இங்கிருந்து முத்தம்வரை சரியாக ஒரு சீசன் எடுத்துக்கொள்கிறார்கள். அறிமுகம் மூன்றாம் சீசனின் பதின்மூன்றாவது எபிசோட், முத்தம் நான்காம் சீசனின் பதின்மூன்றாவது எபிசோட். இடையில் டாம் எல்லா எபிசோடிலும் வருவதும் இல்லை. ‘ஐ லோத் எ பரேட்’ எபிசோடில் டாரியா டாய்லெட் பேப்பர் வாங்கக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது ஊர்வலக் கூட்டத்தில் மாட்டிக்கொள்கிறாள். கையில் டாய்லெட் பேப்பர், எதிரில் டாம். இருவரும் சும்மா பேசிக்கொண்டு நடக்கிறார்கள், வழி தவறிய ஒரு சிறுவனைக் கவனித்துக்கொள்கிறார்கள். காதல் என்று யாரும் சொல்வதில்லை. பிறகு ‘ஃபயர்!’ எபிசோடில் வீட்டில் தீப்பிடித்ததால் டாரியா சில நாள் ஜேன் வீட்டில் தங்குகிறாள். டாம் வரும்போதெல்லாம் இவளோடுதான் அதிகம் சிரிக்கிறான் என்று ஜேன் கவனித்துவிடுகிறாள். டாரியாவுக்கே புரியாதது ஜேனுக்கு முதலில் புரிகிறது. இந்த வரிசை முக்கியம்: முதலில் பார்வையாளருக்கு, அடுத்து தோழிக்கு, கடைசியாகத்தான் சம்பந்தப்பட்டவளுக்கு. ஊரையே எடை போடுகிறவளுக்குத் தன் எடை தெரியவில்லை.

2000 ஆகஸ்டில் ஒளிபரப்பான ‘டை! டை! மை டார்லிங்’ எபிசோடைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஜேன் தன் கூந்தலில் புலிக்கோடு மாதிரிச் சாயம் அடித்துவிடச் சொல்லி டாரியாவைக் கேட்கிறாள். தனக்குக் கைவராது என்று டாரியா தயங்குகிறாள், ஜேன் விடுவதில்லை. சாயம் கோரமாக முடிகிறது. வேண்டுமென்றே கெடுத்தாய், டாமுக்காகத்தான் கெடுத்தாய் என்று ஜேன் வெடிக்கிறாள். அப்படிச் செய்யவில்லை என்று டாரியா சத்தியம் செய்யலாம், ஆனால் உள்ளுக்குள் ஒன்றுமே இல்லை என்று அவளால் சொல்ல முடியாது. பிறகு டாமின் காரில் வாக்குவாதம், வாக்குவாதம் முத்தமாகிறது.

சாதாரணத் தொடரானால் இங்கே இசையை ஏற்றி எபிசோடை முடித்திருப்பார்கள். இங்கே பாடம் முத்தத்துக்குப் பிறகுதான் தொடங்குகிறது. டாரியா தானாகப் போய் ஜேனிடம் நடந்ததைச் சொல்கிறாள். மாட்டிக்கொண்டதால் இல்லை, யாரும் பார்க்கவில்லை, மறைத்திருக்கலாம். முதல் சீசன் டாரியாவாக இருந்தால் ஒரு கிண்டலைப் போட்டு மூடியிருப்பாள். சொல்வதால் அவளுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை, போவதோ இருந்த ஒரே தோழி. காதலுக்கு விலை வேண்டும் என்பது இதுதான். அந்த விலையும், தொடர் எதன் மேல் நிற்கிறதோ அதிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். டாரியாவுக்கு மதிப்பெண் குறைந்தது, அம்மா திட்டினார் என்றெல்லாம் விலை வைத்திருந்தால் யாருக்கும் வலித்திருக்காது.

அந்தக் கால ரசிகர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ட்ரெண்டோடு சேர வேண்டும் என்று காத்திருந்தவர்கள் டாமைச் சபித்தார்கள். தோழியின் காதலனை முத்தமிட்டாள் என்று டாரியா மேலேயே கோபப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் எழுத்தின் தோல்வி இல்லை. நாயகி ஒருமுறையாவது தப்பான பக்கத்தில் நிற்காமல் வளர வழியில்லை.

ஜோடி சேர்ந்த பிறகு

பெரும்பாலான ஸ்பின்-ஆஃப்கள் ஜோடி சேர்ந்ததும் மூச்சு விட்டுவிடும். மெதுவாக எரிந்த காதல் கைகூடியதும் எழுத்தாளருக்கு எழுத ஒன்றும் மிஞ்சாது. ‘டாரியா’ அதே மாதம் வந்த ‘இஸ் இட் ஃபால் யெட்?’ என்ற டிவி படத்தில் இதற்கு ஒரு வழி கண்டது. சேர்ந்துவிட்டார்கள், ஆனால் டாரியாவுக்கு யாரோடும் சேர்ந்து இருக்கத் தெரியவில்லை. டாமின் பணக்காரக் குடும்பம், தன் கூச்சம், எல்லாவற்றையும் முன்கூட்டியே முறித்துவிடும் பழக்கம். இன்னொரு பக்கம் கோடை முகாமில் லிங்க் என்ற சிறுவனைக் கவனிக்கும் வேலை. யாருக்கும் முகம் கொடுக்காத பையன். அவனைப் பேசவைக்கத் திணறும்போது, தன்னோடு பழகுவது மற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்பது அவளுக்கு உறைக்கிறது. ஜேனோடும் உடனே ராசியாகிவிடுவதில்லை. ஜேன் தங்கியிருக்கும் ஓவியர் முகாமுக்கே தேடிப்போக வேண்டியிருக்கிறது.

அதே படத்தில் தங்கை க்வின்னுக்கும் ஒரு சின்னக் காதல் உண்டு. அழகு, ஃபேஷன் கிளப், பின்னால் சுற்றும் மூன்று பையன்கள் என்றிருந்தவள், பாடம் சொல்லித்தர வந்த டேவிட்டை விரும்புகிறாள். அவன் மறுத்துவிடுகிறான். டாரியாவின் கவசம் கிண்டல் என்றால் க்வின்னின் கவசம் எல்லோருக்கும் பிடித்தவளாக இருப்பது. அது முதல்முறை வேலை செய்யவில்லை. கைகூடாத காதலும் ஒருவரை வளர்க்கும் என்பதை இவ்வளவு குறைந்த நேரத்தில் காட்டியது டாரியாவின் கதையைவிடக்கூட நேர்த்தி என்று சொல்லலாம்.

ஐந்தாம் சீசனில் சின்னச் சின்னச் சோதனைகள். ‘சாப்பி ஆனிவர்சரி’யில் ஆறு மாத நிறைவை டாம் மறந்துவிடுகிறான், இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்கிற டாரியாவுக்கு உள்ளே சுருக்கென்கிறது. ‘மை நைட் அட் டாரியாஸ்’ எபிசோடில் இருவரும் படித்துக்கொண்டே தூங்கிப்போக, ஊரெல்லாம் வேறு மாதிரிப் பேச்சு. அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்று யோசித்து, தான் இன்னும் தயாரில்லை என்று அவள் தானே முடிவெடுக்கிறாள். தொப்புள் வளையத்தை நினைத்துப் பாருங்கள். அன்று ஒருவன் சொன்னதற்காகத் தன் உடம்பைப் பற்றிய முடிவை மாற்றிக்கொண்டவள், இன்று தன் காதலனிடமே இல்லை என்கிறாள். ஒரே வகைச் சூழலைச் சில சீசன் இடைவெளியில் திரும்பக் கொண்டுவந்து வேறு பதில் சொல்லவைப்பது, வளர்ச்சியைக் காட்டும் மிக நம்பகமான உத்தி. வசனத்தில் ‘நான் மாறிவிட்டேன்’ என்று சொல்ல வேண்டிய அவசியமே வராது.

2002-ல் வந்த கடைசிப் படமான ‘இஸ் இட் காலேஜ் யெட்?’டில் டாரியாவே டாமைப் பிரிகிறாள். அவனுக்கு ப்ராம்வெல் பல்கலைக்கழகம், அவளுக்கு அங்கே இடமில்லை, ராஃப்ட் கல்லூரி. வில்லன் யாரும் இல்லை. கலைக் கல்லூரிக் கனவைக் கைவிட்டிருந்த ஜேனை விண்ணப்பிக்கச் சொல்லித் தள்ளுவதும் இதே படத்தில்தான். கடைசியில் தோழிகள் இருவரும் பாஸ்டன் பக்கம் போகிறார்கள். காதல் போய்விட்டது, அது சொல்லிக்கொடுத்தது தங்கிவிட்டது.

எங்கே சறுக்கும்

இதற்கு நேர் எதிர்ப்பாடம் ‘தி லெஜெண்ட் ஆஃப் கோரா’வின் முதல் பாகம். ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற அனிமேஷன் தொடரின் உலகில் எழுபது வருடம் கழித்து நடக்கும் தொடர், 2012-ல் வந்தது. முதலில் 12 எபிசோடோடு முடிகிற கதையாகவே திட்டமிட்டார்கள். அந்தப் பன்னிரண்டுக்குள் ஒரு புரட்சி, ஒரு விளையாட்டுப் போட்டி, போதாக்குறைக்குக் கோரா, மாக்கோ, அசாமி என்று முக்கோணக் காதல். மாக்கோ அசாமியோடு பழகும்போதே கோரா அவனை முத்தமிடுகிறாள். அவன் தம்பி போலின் அதைப் பார்த்து அழுதுகொண்டு ஓடுகிறான், காட்சி சிரிப்பாக முடிகிறது. அசாமி தந்தையையும் காதலனையும் அடுத்தடுத்து இழக்கிறாள், அதை உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமில்லை. கடைசியில் நீரையும் நிலத்தையும் நெருப்பையும் ஆட்டிவைக்கும் கோராவின் சக்தி போகிறது, மாக்கோ காதலைச் சொல்கிறான், அதே எபிசோடில் சக்தியும் திரும்பிவிடுகிறது. விலையே கொடுக்காமல் எல்லாம் கைக்கு வந்தால் அந்தப் பெண் எதைக் கற்றுக்கொண்டாள் என்ற கேள்விக்குப் பதிலில்லை.

திருத்திக்கொண்டார்கள் என்பதுதான் அந்தத் தொடரின் பெருமை. இரண்டாம் பாகத்தில் கோராவும் மாக்கோவும் பிரிகிறார்கள். மூன்றாம் பாகத்தின் முடிவில் விஷம் ஏறி உடைந்துபோகும் கோரா, நான்காம் பாகத்தில் மூன்று வருடம் எல்லோரையும் விட்டு ஒதுங்கியிருக்கிறாள். கடிதம் எழுதுவது அசாமிக்கு மட்டும். வலிமைதான் தன் அடையாளம் என்றிருந்தவள் வலிமை போனதை ஒருத்தியிடம் மட்டும் சொல்கிறாள். கவசம் கழன்றதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? 2014 டிசம்பரில் வந்த இறுதிக்காட்சியில் இருவரும் கைகோத்து ஆவியுலகுக்குள் போகிறார்கள். அது காதல்தான் என்று உருவாக்கியவர்களே பிறகு தெளிவாக எழுதினார்கள். அதற்கான படிகளை இன்னும் கொஞ்சம் வெளிப்படையாக வைத்திருக்கலாம் என்ற மனக்குறை நியாயமானதே.

நீங்கள் பார்க்கும் தொடரிலோ எழுதும் கதையிலோ சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி: காதலரை முழுவதுமாக நீக்கிவிட்டுக் கதையை ஓட்டிப் பாருங்கள். நாயகி அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறாள் என்றால் காதல் வெறும் ஜோடனை. டாமை நீக்கினால் டாரியா ஜேனிடம் உண்மை சொல்ல வேண்டிய நிலையே வராது. அந்த நட்பு ஒருபோதும் சோதிக்கப்பட்டிருக்காது. முதல் பாகத்து மாக்கோவை நீக்கிப் பாருங்கள், கோராவின் கதை ஏறக்குறைய அப்படியே நிற்கும். இன்னொரு பொதுவான தவறு, காதல் வந்ததும் பாத்திரத்தின் குரலையே மாற்றிவிடுவது. டாரியா கடைசிவரை கிண்டல் செய்வதை நிறுத்துவதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொள்கிறாள். கவசத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டால் ரசிகர்கள் எந்த ஆளைப் பார்க்க வந்தார்களோ அந்த ஆளே காணாமல் போய்விடுவாள்.

65 எபிசோடும் பார்க்க நேரமில்லாதவர்கள் காதல் இழையை மட்டும் பிடித்துக்கொண்டு போகலாம்: முதல் எபிசோடான ‘எஸ்டீம்ஸ்டர்ஸ்’, பிறகு ‘இல்’, ‘பியர்ஸ் மீ’, ‘ஜேன்ஸ் அடிஷன்’, ‘ஐ லோத் எ பரேட்’, ‘ஃபயர்!’, ‘டை! டை! மை டார்லிங்’, முதல் படம், ‘மை நைட் அட் டாரியாஸ்’, கடைசிப் படம். படங்களைச் சீசன்களுக்கு நடுவே சரியான இடத்தில் பாருங்கள். முதல் படத்தைத் தவறவிட்டு ஐந்தாம் சீசனுக்குப் போனால் ஜேன் எப்படிச் சமாதானமானாள் என்றே புரியாது. 2010-ல் வந்த டிவிடி தொகுப்பில், உரிமைச் செலவு காரணமாக, ஒளிபரப்பில் பின்னணியில் ஓடிய பிரபலப் பாடல்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டு வேறு இசை போட்டிருக்கிறார்கள். அதனால் சில காட்சிகள் முதலில் வந்தபோது இருந்ததைவிடக் கொஞ்சம் வறட்சியாகத் தெரியும்.